நாலு கிழமைக்கு ஒரு எண்: எதை எழுதுவது?

ஆகஸ்ட் விடுமுறைக்குக் கிளிநொச்சி மாவட்டம் முரசுமோட்டையில் உள்ள சனசமூக நிலையத்தில் நாலு கிழமை (நாலு வாரம்) கணித வகுப்பு எடுக்கக் கேட்டிருக்கிறார்கள். தரம் 9, 10 பிள்ளைகள், இருபத்திரண்டு பேர். பாடப்புத்தகத்தைத் திரும்ப ஓட்ட ரியூசன்கள் போதும். எனக்கு வேறொரு ஆசை. ஒரேயொரு பெரிய முழு எண்ணைக் கரும்பலகையின் மேல் மூலையில் எழுதவேண்டும். நாலு கிழமையும் அதை அழிக்கக்கூடாது. பிள்ளைகள் அந்த ஒரு எண்ணையே தோண்டித் துருவவேண்டும்.

எந்த எண்ணை எழுதுவது என்பதில்தான் இரண்டு கிழமையாக மண்டையைப் போட்டு உடைத்தேன். கடைசியில் நாலு எண்கள் மிஞ்சின: 142857, 720720, 2147483647, 18446744073709551615. இப்படி ஒரு வகுப்பு எடுக்க நினைக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளோடு கணக்குப் பார்க்கும் பெற்றோருக்கும் உதவும் என்று நான் நிறுத்துப் பார்த்த விதத்தை எழுதுகிறேன்.

1729ஐ ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். இரண்டு கனங்களின் கூட்டாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாலு இலக்க எண் நாலு கிழமைக்குக் காணாது.

நான் பார்த்தது முக்கியமாக ஒன்றைத்தான். அந்த எண் பென்சிலுக்கு வழிவிட வேண்டும். சாதாரண தரப் பரீட்சை மண்டபத்துக்குள் கணிப்பான் கொண்டுபோக முடியாது, மடக்கை அட்டவணைதான் தருவார்கள். எங்கள் பிள்ளைகளின் கொப்பியில் காரணி இருக்கிறது, சுட்டி இருக்கிறது, இரு வர்க்கங்களின் வித்தியாசம் இருக்கிறது, இலக்கச் சுட்டி (இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டுவது) இருக்கிறது, மடக்கை இருக்கிறது. இந்தச் சாமான்களை வைத்தே திறக்கக்கூடிய எண்ணாக இருக்கவேண்டும். எவ்வளவு பெரிதென்றாலும் பரவாயில்லை.

முதலில் 142857. இதைப் பற்றி நடுநிலையாக எழுத என்னால் முடியாது, ஏனென்றால் இது என் சின்ன வயதுச் சொத்து. 1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து கந்தபுரத்தில் இருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் ஒரு திரியும் வைத்த விளக்கைச் சுற்றி ஐந்தாறு பிள்ளைகள் இருந்து படிப்போம். கொப்பியும் தட்டுப்பாடு. மரத்தடியில் படிப்பித்த ஒரு ஆசிரியர் மண்ணில் தடியால் இந்த ஆறு இலக்கங்களையும் எழுதி, 'இதை இரண்டால பெருக்குங்கோ' என்றார். 285714. 'மூண்டால?' 428571. நாலால் 571428, ஐந்தால் 714285, ஆறால் 857142. அதே ஆறு இலக்கங்கள் அதே வரிசையில் வட்டமாக நடக்கின்றன, தொடங்கும் இடம் மட்டும் மாறுகிறது. பிறகு ஏழால் பெருக்கச் சொன்னார். 999999. அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்று விளங்க ஒன்றை ஏழால் வகுத்துப் பார்த்தால் போதும். 0.142857142857... என்று மீளும். வகுக்கும்போது வரும் மீதிகள் 1, 3, 2, 6, 4, 5, பிறகு மறுபடி 1. ஏழால் வகுத்தால் வரக்கூடிய ஆறு மீதிகளும் ஒன்று தவறாமல் வந்துவிடுகின்றன. ஏழில் இரண்டு என்றால் இந்த வட்டத்தில் மீதி 2 வரும் இடத்தில் ஏறிக்கொள்கிறோம், அவ்வளவுதான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த எண்ணின் வர்க்கம் 20408122449. அதை 20408, 122449 என்று இரண்டாக வெட்டிக் கூட்டினால் மறுபடி 142857.

விடையில்லாத கேள்வியும் இதற்குள் இருக்கிறது. ஏழைப் போலவே முழு வட்டம் சுற்றும் முதன்மை எண்கள் (தமிழ்நாட்டில் பகா எண் என்பார்கள்) நூறுக்குள் ஒன்பது: 7, 17, 19, 23, 29, 47, 59, 61, 97. இவை முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்குமா? இருக்கும் என்று எமில் ஆர்ட்டின் 1927இல் கருத்துச் சொன்னார். இன்றுவரை யாரும் நிறுவவில்லை.

அப்படியென்றால் இதையே எடுக்கலாமே? எடுக்கத்தான் இருந்தேன். இரண்டு காரணங்கள் தடுத்தன. ஒன்று, போன் வைத்திருக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் இந்த வித்தையை ஏற்கெனவே வீடியோவில் பார்த்துவிட்டார்கள். மண்ணில் தடியால் எழுதியபோது எனக்குக் கிடைத்த அதிர்ச்சி அவர்களுக்குக் கிடைக்காது. மற்றது, இதன் அழகு முழுவதும் முதல் மூன்று நாளில் தீர்ந்துவிடும். மிச்ச நாட்களுக்கு ஆர்ட்டினின் கேள்வியைத்தான் தொடவேண்டும், அதைத் தரம் 9 பிள்ளை பென்சிலால் தொட்டுப் பார்க்க இடம் குறைவு. தரம் 6, 7 பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல எண் எனக்குத் தெரியாது. என் வகுப்புக்கு இது ஒரு பின்னேரத்துக்குத்தான்.

அடுத்தது 720720. இது நான் தேடிய எண் இல்லை. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், நாங்கள் எல்லோரும் அவரைச் சேர் என்றுதான் கூப்பிடுவோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை. 'பிள்ளை, 720720ஐ எழுது. அதிலை 240 காரணி இருக்கு. ஒருத்தரும் வெறுங்கையோடை வீட்டை போகமாட்டினம்.'

அவர் சொன்னதில் பெரிய நியாயம் இருக்கிறது. 1இலிருந்து 16 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் இதுதான், அதாவது அவற்றின் பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது). பகுத்தால் 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13. ஒவ்வொரு சுட்டியோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை வரும்: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. பத்து லட்சத்துக்குள் இதைவிடக் கூடுதலான காரணிகள் உள்ள எண் கிடையாது. ராமானுஜன் 1915இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தது இந்தக் குடும்பத்து எண்களைத்தான்: தனக்குச் சிறிய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் தோற்கடிக்கும் எண்கள். பின்னேரம் ஒவ்வொரு பிள்ளையும் பத்துக் காரணி கண்டுபிடித்தாலும் இன்னும் மிச்சமிருக்கும். கணக்கில் பின்தங்கிய பிள்ளையும் கையை உயர்த்தலாம். வகுப்பில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று படிப்பிக்கிறவர்களுக்குத் தெரியும்.

சேர் சொல்லாத ஒன்றையும் கண்டுபிடித்தேன். 720722 இரண்டால் வகுபடும். 720723 மூன்றால், 720724 நாலால்... இப்படி 720736 பதினாறால். ஆக 720722இலிருந்து 720736 வரை தொடர்ந்து பதினைந்து எண்களில் ஒரு முதன்மை எண்கூட இல்லை. ஒரு வகுத்தலும் செய்யாமலே இதைச் சொல்லிவிடலாம். கீழ்ப்பக்கம் 720704இலிருந்து 720718 வரையும் இதே கதை. எல்லோருக்கும் அள்ளிக் கொடுக்கும் எண்ணின் இரண்டு பக்கமும் முதன்மை எண் முளைக்காத தரிசு.

இருந்தும் ஒரு குறை என்னை உறுத்தியது. இந்த எண் எதிர்த்து நிற்பதில்லை. எந்தச் சின்ன எண்ணால் தட்டினாலும் கதவு திறக்கிறது. மூன்றாம் நாளே பிள்ளைகளுக்கு அதன் முழு உருவமும் தெரிந்துவிடும், பிறகு பட்டியல் போடுவதுதான் வேலை. ஒரு எண்ணோடு மல்லுக்கட்டித் தோற்று, மறுநாள் வேறு வழியால் வரவேண்டும் என்ற அனுபவம் இதில் கிடைக்காது.

மல்லுக்கட்டத்தான் வேண்டுமென்றால் 2147483647 இருக்கிறது. 2³¹ − 1. இது முதன்மை எண் என்று 1772இல் ஒய்லர் காட்டினார். பழைய கணினிகள் பலவற்றின் கடிகாரம் 1970 சனவரி 1இலிருந்து செக்கன்களை எண்ணிக்கொண்டு வருகிறது, அது எண்ணக்கூடிய கடைசி எண் இதுதான். 2038 சனவரி 19, இலங்கை நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கனுக்கு அந்தக் கடிகாரங்கள் நிரம்பிவிடும். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். ஆனால் பென்சில்? இதன் வர்க்கமூலம் 46340. அதுவரையுள்ள முதன்மை எண்கள் நாலாயிரத்துக்கு மேல். ஒய்லர் கெட்டித்தனமாகச் சலித்தெடுத்த பிறகும் பல பத்து வகுத்தல்கள் மிஞ்சும், ஒவ்வொன்றின் முடிவும் 'வகுபடாது' என்பதுதான். வெயில் நேரத்தில் தகரக் கூரையின் கீழ் இருக்கும் பிள்ளையிடம் இதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நாலாவது எண்ணை நாங்கள் வீட்டில் நெல் எண் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டோம். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நாலு என்று இரட்டித்துக்கொண்டே போய் 64 கட்டமும் நிரப்பினால் மொத்தம் எத்தனை நெல் என்ற பழைய கணக்கு. கூட்டுவது சுலபம். பலகைக்கு வெளியே இன்னும் ஒரு நெல்லை வைத்துக்கொண்டால், அதுவும் முதல் கட்டமும் சேர்ந்து இரண்டு, அது இரண்டாம் கட்டத்தோடு சேர்ந்து நாலு, அப்படியே உருண்டு உருண்டு கடைசியில் 2⁶⁴. கடன் வாங்கிய ஒரு நெல்லைத் திருப்பிக் கொடுத்தால் 2⁶⁴ − 1. அதுதான் 18446744073709551615. எங்கள் வாயால் சொன்னால் ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடிக்குக் கொஞ்சம் மேல்.

இந்த எண்ணை எழுதுவதற்கு முன்பே அதில் எத்தனை இலக்கம் என்று மடக்கை அட்டவணை சொல்லிவிடும். 2இன் மடக்கை, அதாவது 2 வருவதற்குப் பத்தை உயர்த்தவேண்டிய வலு, 0.3010. அதை 64ஆல் பெருக்கினால் 19.2640. ஆகவே 20 இலக்கம். முரண்மடக்கை பார்த்தால் 1.837 என்று தொடங்கும், உண்மையான 1.844க்குப் பக்கத்தில். நாலு தசமதான அட்டவணையால் இவ்வளவு கிட்டப் போகலாம் என்பதே தரம் 10 பிள்ளைக்கு ஒரு நல்ல பாடம். இலக்கங்களைக் கூட்டினால் 87, இலக்கச் சுட்டி 6. அப்படியென்றால் மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது.

இந்த எண் கையில் பிடிபடுமா என்று பார்க்க மருமகனை இருத்தி ஆயிரம் நெல் எண்ணச் சொன்னேன். பேப்பரை விரித்து, பத்துப் பத்தாகக் குவித்து எண்ணினான். நடுவில் கோழி வந்து கொத்தியதால் ஒரு முறை முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்தது. கடைத் தராசில் 25 கிராம் காட்டியது. ஒரு லீற்றர் பேணியில் தலைதட்டி அளந்தால் 570 கிராம். இந்த இரண்டு அளவும் போதும், மிச்சம் பெருக்கல் வகுத்தல். மொத்த நெல் ஏறக்குறைய 46,000 கோடி தொன். உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் விளையும் நெல் 80 கோடி தொன் அளவில்தான். ஐந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட விளைச்சல் வேண்டும். அந்த நெல்லை 65,610 சதுர கிலோமீற்றர் இலங்கைத் தீவு முழுவதும் சமமாகப் பரவினால் 12 மீற்றர் உயரம் வரும். தென்னை மட்டத்துக்கு நெல். அறுவடைக் காலத்தில் வீதியோரம் விரலளவு தடிப்பில் நெல் காயவிட்டிருப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

அளவோடு நின்றிருந்தால் இது வெறும் கதை எண். என்னை விழுத்தியது இதன் உள்கட்டு. 64 இரட்டை எண், ஆகவே 2⁶⁴ − 1 என்பது இரு வர்க்கங்களின் வித்தியாசம்: (2³² − 1)(2³² + 1). முதல் அடைப்பு மறுபடியும் அப்படியே பிளக்கும், பிறகு மறுபடியும். தரம் 9 பிள்ளை தானாகவே கீழே இறங்கிப் போகலாம். கீழிருந்து மேலே வந்தால் இன்னும் அழகு. பலகையில் 2 கட்டத்தின் மொத்தம் 3. 4 கட்டத்துக்கு அதை 5ஆல் பெருக்கினால் 15. 8 கட்டத்துக்கு 17ஆல் பெருக்கினால் 255. 16 கட்டத்துக்கு 257ஆல், 65535. 32 கட்டத்துக்கு 65537ஆல், 4294967295. கடைசியாக 64 கட்டத்துக்கு 4294967297ஆல்.

3, 5, 17, 257, 65537 ஐந்தும் முதன்மை எண்கள். ஆறாவதும் அப்படித்தான், அதற்குப் பிறகு வருவனவும் அப்படித்தான் என்று 1640இல் பிரெஞ்சு நாட்டுப் பெர்மா நம்பினார். கிட்டத்தட்டத் தொண்ணூறு வருடம் யாரும் மறுக்கவில்லை. 1732இல் ஒய்லர் 4294967297ஐ 641ஆல் வகுத்துக் காட்டினார். விடை 6700417, மீதி இல்லை. அந்த எண்ணின் முதன்மைக் காரணி எதுவானாலும் 64ஆல் வகுத்தால் மீதி 1தான் வரும் என்றும் அவரே பிற்பாடு காட்டினார். அந்தச் சல்லடையில் விழும் முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது தட்டலில் கதவு திறக்கிறது! நாலு முறை தோற்று ஐந்தாம் முறை வெல்லுவது ஒரு பின்னேரத்துக்கு அளவான மல்லுக்கட்டு.

வகுக்காமலே காட்டவும் ஒரு வழி உண்டு. 640 என்பது 5 × 2⁷. 641ஆல் வகுக்கும்போது 640இன் மீதியை −1 என்று எடுக்கலாம். அதை நாலாம் வலுவுக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸, மீதி 1. ஆனால் 5⁴ = 625, அது 641ஐவிட 16 குறைவு, ஆகவே அதன் மீதி −16, அதாவது −2⁴. இரண்டையும் சேர்த்தால் −2³² இன் மீதி 1. ஆகவே 2³² + 1 மீதியின்றி வகுபடும். நாலு வரி. இதைப் படித்த நாள் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன்.

பலகையின் முதல் பாதி, 4294967295, அதற்கும் தனிக் கதை. கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் கொண்டு ஒழுங்கான பதினேழு பக்க உருவம் அமைக்கலாம் என்று 1796இல், 18 வயதில், கவுஸ் கண்டுபிடித்தார். அந்த வழியில் அமைக்கலாம் என்று இன்றுவரை தெரிந்த, ஒற்றை எண்ணிக்கைப் பக்கங்கள் கொண்ட உருவங்கள் 31. 4294967295இன் காரணிகளில் 1ஐ மட்டும் விட்டுவிட்டால் மிச்சம் எல்லாம் அவற்றின் பக்க எண்ணிக்கைகள்தான். பிள்ளைகளின் பெட்டியில் உள்ள கவராயத்துக்கும் பலகையில் உள்ள நெல்லுக்கும் இப்படி ஒரு உறவு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்! விடையில்லாத கேள்வியும் இங்கேயே கிடக்கிறது: 65537க்கு மேல் இந்த வரிசையில் இன்னொரு முதன்மை எண் உண்டா? இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. இல்லை என்றும் யாரும் நிறுவவில்லை.

குறைகளையும் சொல்லவேண்டும். இருபது இலக்கத்தை இருபத்திரண்டு பேர் பார்த்து எழுதினால் நிச்சயம் யாராவது ஒரு இலக்கத்தை விடுவார்கள், பிறகு கணக்கு முழுவதும் பிழைக்கும். மொத்தக் காரணிகள் 128 இருந்தாலும், மூன்றையும் ஐந்தையும் விட்டால் மிச்ச முதன்மைக் காரணிகள் பெரியவை. பின்தங்கிய பிள்ளை முதல் கிழமையே களைத்துப்போக இடமுண்டு. அப்பாவும் கேட்டார்: 'சோதினைக்கு வராத எண்ணை ஏன் பிள்ளை தூக்கிப் பிடிக்கிறாய்?' அந்த எண் சோதினைக்கு வராது, உண்மை. ஆனால் சுட்டி, காரணிப்படுத்தல், மடக்கை, அளவிடை, அமைப்பு எல்லாம் வரும். அத்தனையையும் ஒரே எண்ணில் தொங்கவிட இந்த நாலில் இதற்கு மட்டுமே முடிகிறது.

ஆகவே நெல் எண்ணைத்தான் எழுதப்போகிறேன். சேரின் நியாயத்தை விட்டுவிடவில்லை: முதல் கிழமை முழுவதும் பலகையின் முதல் பாதிக்குள்ளேயே நிற்போம், 255இன் எட்டுக் காரணிகளைக் கண்டுபிடிக்காமல் ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமையை 720720க்கும் ஒதுக்கி, அன்று சேரையே வந்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒத்துக்கொண்டார்.

முதல் நாள் ஆளுக்கொரு சிறங்கை நெல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். சிறுபோகம் வெட்டும் நேரம், நெல்லுக்குப் பஞ்சமில்லை. முதல் வரிசை எட்டுக் கட்டமும் கையால் எண்ணி வைக்கலாம், மொத்தம் 255 நெல், ஆறு கிராம் சொச்சம். இரண்டாம் வரிசை முடிய 65535. எண்ண முடியாது, ஆனால் நிறுக்கலாம்: ஒரு கிலோ அறுநூறு கிராமுக்குக் கொஞ்சம் கூட. மூன்றாம் வரிசை முடிய 420 கிலோ வரும், அதற்கு அப்பாவின் விறாந்தையில் அடுக்கியிருக்கும் மூட்டைகளைப் போய்ப் பார்க்கவேண்டும். நாலாம் வரிசை முடிய 107 தொன், ஏறக்குறைய 60 ஏக்கர் விளைச்சல். அதைக் காட்டச் சனசமூக நிலையத்தின் பின்கதவைத் திறந்தால் போதும், வாய்க்கால் வரை வயல்தான்.